ஞாயிறு அடுப்பும் ஐந்து ராத்திரியும்

வேலை முடிந்து ஏழேகாலுக்கு வீடு வந்து சேருகிறவர்களுக்கு ராத்திரிச் சமையலில் அடுப்பு எடுத்துக்கொள்வது இருபது நிமிஷம்தான். சின்ன வெங்காயம் உரிக்க, புளி கரைக்க, தேங்காய் துருவ, பருப்பு வேக என்று இன்னொரு முக்கால் மணி நேரம் ஓடிவிடுகிறது. அந்த முக்கால் மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டால் எட்டு மணிக்குத் தட்டு வைத்துவிடலாம்.

ஆனால் வாரம் முழுவதற்கும் சமைத்து டப்பாக்களில் அடைத்து வைக்கும் முறை நம் சாப்பாட்டுக்கு ஒத்துவராது. சாம்பார் மூன்றாம் நாள் மணம் இழந்துவிடும், பொரியல் நீர் விட்டுக்கொள்ளும், சோறு விறைத்துப்போகும். ஒவ்வொன்றையும் பாதி வழி வரை கொண்டுவந்து நிறுத்துவதுதான் கைகொடுக்கும். மாவு, புளிக்காய்ச்சல், வெங்காயத் தக்காளி வதக்கல், துருவிய தேங்காய், வெந்த பருப்பு, உடைத்த அரிசி ரவை: இந்த ஆறும் தயாராக இருந்தால் நாலைந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து ராத்திரியும் ஓடும். எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேர வேலை, அதிலும் மூன்றில் ஒரு பங்கு நேரம் கிரைண்டர்தான் உழைக்கிறது.

டெல்டா வீடுகளில் ராத்திரிக்கு டிபன்தான் வழக்கம் என்பதால் மாவிலிருந்தே தொடங்க வேண்டும். வாரத்துக்கு மூன்று ராத்திரி ஓட்ட, ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ முழு வெள்ளை உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அறுபது இட்லிக்குக் குறையாது. இங்கே நெல் விளைவதால் அரிசியைத் தேர்ந்தெடுத்து வாங்க முடியும். ஆடுதுறை 37 போன்ற குண்டு ரகத்துப் புழுங்கல் அரிசி இட்லிக்கு நன்றாக வரும். சாப்பாட்டுக்கு வாங்கிய மெல்லிய பொன்னியைப் போட்டால் இட்லி பிசுபிசுவென்று தட்டோடு ஒட்டும்.

அரிசியைக் காலை பத்து மணிக்கு ஊறப்போட்டால் மூன்று மணிக்கு அரைக்கலாம். உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும், அதற்கு மேல் ஊறினால் மாவு பொங்கிவருவது குறையும். உளுந்தை முதலில் அரைக்க வேண்டும். கிரைண்டரில் முப்பது நிமிஷம், ஏறக்குறைய அரை லிட்டர் ஃபிரிட்ஜ் தண்ணீரை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கை என்று தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். மொத்தமாக ஊற்றினால் உளுந்து கல்லுக்கு அடியில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும். குளிர்ந்த தண்ணீர் கேட்பதற்கும் காரணம் உண்டு. கல் சூடேறினால் மாவும் சூடாகும், பானையில் ஏறுவதற்கு முன்னாலேயே புளிக்கத் தொடங்கிவிடும். அரைபட்டதா என்று பார்க்க, ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு உளுந்து மாவை விடுங்கள். மிதந்தால் எடுக்கலாம், அடியில் இறங்கினால் இன்னும் ஐந்து நிமிஷம் ஓடட்டும். பிறகு அரிசியும் வெந்தயமும் சேர்த்துப் பதினைந்து, இருபது நிமிஷம், விரலில் மெல்லிய ரவை தட்டுப்படும் வரைக்கும்.

இனிமேல் செய்யப்போவதுதான் வாரத்தைக் காப்பாற்றுகிறது. அரைத்த மாவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பாதியில் உப்புப் போட்டுக் கையால் கரைத்து, பாத்திரத்தில் பாதி அளவுக்கு மேல் போகாமல் ஊற்றி வெளியே வையுங்கள். மறு பாதியைப் புளிக்க விடாமல், உப்பில்லாமல், அரைத்த கையோடு ஃபிரிட்ஜில் அடித் தட்டில் வைத்துவிடுங்கள். புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது இந்த இரண்டாவது பாத்திரத்தை வெளியே எடுத்து உப்புப் போட்டுக் கலக்கி வைத்தால் ராத்திரிக்குப் புதுப் புளிப்போடு தயாராக இருக்கும். மொத்த மாவையும் ஞாயிற்றுக்கிழமையே புளிக்கவைத்தால் வியாழக்கிழமை தோசை வாயில் வைக்க முடியாத புளிப்பாகிவிடும், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடும். கடையில் வாங்கும் பாக்கெட் மாவு மூன்றாம் நாள் தாங்காமல் போவதும் இதனால்தான். வாங்கும்போதே அது புளித்த மாவு.

புளிக்கும் நேரத்தைக் கடிகாரத்தைவிட மாதத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் ஐந்து ஆறு மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும். அந்த மாதங்களில் உப்பைப் புளித்த பிறகு போட்டால் சற்று நிதானமாகப் பொங்குவதற்குப் பதில் வேகமாகப் பொங்கும், ஆகவே வெயில் காலத்தில் உப்பை முன்னாலேயே போடுவதும், பாத்திரத்தை ஒரு தாம்பாளத் தண்ணீரில் நிறுத்தி வைப்பதும் நல்லது. மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். அப்போது உப்பைப் பின்னால் போட்டு, பாத்திரத்தை அரிசி டின்னுக்குப் பக்கத்தில் துணி சுற்றி வையுங்கள். உப்பு புளிப்பை மட்டுப்படுத்தும், அதை நினைவில் வைத்தால் எப்போது போடுவது என்ற குழப்பமே வராது. புளித்த மாவைக் கரண்டியால் அடித்துக் கலக்காதீர்கள். வேண்டியதை மட்டும் மேலாக அள்ளிக்கொண்டு மீதியை அப்படியே ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள். முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்து தோசை, கடைசியில் மிஞ்சுவதில் வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி ரவை சேர்த்துக் குழிப்பணியாரம்.

கிரைண்டர் சுற்றும் நேரத்தில் அடுப்பு இரண்டும் சும்மா இருக்கக்கூடாது. ஒன்றில் புளிக்காய்ச்சல், இன்னொன்றில் வதக்கல்.

புளிக்காய்ச்சலுக்கு 200 கிராம் புளியை 600 மில்லி வெந்நீரில் அரை மணி ஊறவைத்துக் கெட்டியாகப் பிழிந்துகொள்ள வேண்டும். 200 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, பதினைந்து வர மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள் தாளித்துப் புளிக்கரைசலை ஊற்றி, மூன்று மேஜைக்கரண்டி கல் உப்பு. நாற்பது நிமிஷம் ஆகும், அவசரப்பட்டால் கெடும். முதலில் மெல்லிய நுரையோடு சிதறிச் சிதறிக் கொதிக்கும். அரை மணி கழித்துக் குமிழ்கள் பெருத்து, பொளக் பொளக்கென்று கனத்த சத்தம் வரும். ஓரங்களில் எண்ணெய் பிரிந்து செந்நிறமாக வளையம் கட்டும். ஒரு சொட்டைத் தட்டில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். சொட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடினால் இன்னும் வேக வேண்டும், எண்ணெய் மட்டும் கசிந்தால் இறக்கலாம். பெரும்பாலான வீடுகளில் புளிக்காய்ச்சல் பூசணம் பூப்பதற்குக் காரணம் இந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தைக் குறைத்துக்கொள்வதுதான். அடுத்த காரணம் ஈரக் கரண்டி.

ஒரு தேக்கரண்டி வெந்தயம், இரண்டு மேஜைக்கரண்டி மல்லி, ஒரு மேஜைக்கரண்டி எள்ளைத் தனித்தனியே வறுத்துப் பொடித்து இறக்கும்போது சேருங்கள். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டி ஒரு நொடி கறுத்தாலும் மொத்தமும் கசக்கும், திருத்த வழியில்லை. கடலைப்பருப்பும் வேர்க்கடலையும் காய்ச்சலில் போட்டால் வாரத்தில் நமுத்துவிடும். சாதம் கலக்கும் அன்று இரண்டு கரண்டி எண்ணெயில் புதிதாகத் தாளித்துப் போடுங்கள், மொறுமொறுப்பு இருக்கும். ஓர் ஆழாக்கு அரிசிச் சாதத்துக்கு மூன்று மேஜைக்கரண்டி கணக்கு. சுடச்சுடச் சாதத்தில் கலக்காமல் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்துக் கலந்தால் பருக்கை உடையாது. புளிக்காய்ச்சலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் தாராளமாக நிற்கும். கும்பகோணம் பித்தளைப் பாத்திரம் வீட்டில் இருந்தால் ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்க்காமல் புளிச் சமாசாரம் எதையும் அதில் வைக்காதீர்கள்.

வதக்கல் இன்னும் எளிது. அரைக் கிலோ சின்ன வெங்காயம், அரைக் கிலோ நாட்டுத் தக்காளி, நூறு கிராம் பூண்டு, நூறு மில்லி எண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு. வெங்காயத்தை உரிப்பதற்கு முன் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். இந்த வேலையைச் சனிக்கிழமை ராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்து வீட்டில் எல்லோருமாகச் செய்துவிடலாம். ஓரம் சிவக்க வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் தக்காளியைப் போட்டுத் தண்ணீர் சுண்டும் வரை இருபது நிமிஷம். ஆறு கரண்டி அளவு கிடைக்கும். டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஐந்து நாள், ஃப்ரீசரில் ஒரு மாதம். மேலே எண்ணெய் மிதக்கிறதே, கெடாது என்று நம்பி வெளியே வைத்துவிடாதீர்கள். புளிக்காய்ச்சல் அளவுக்கு இதில் புளிப்பும் உப்பும் கிடையாது, பூண்டு வேறு இருக்கிறது, வெளியே வைத்தால் ஆபத்து. ஒரு கரண்டி வதக்கலில் குழம்புப் பொடியும் புளியும் சேர்த்தால் முட்டைக் குழம்பு. இரண்டு கரண்டியில் பட்டை, கிராம்பு தாளித்தால் தக்காளி சாதம். ஒரு கரண்டியை அப்படியே மிக்ஸியில் ஓட்டி, இரண்டு வர மிளகாய் தாளித்தால் தோசைக்குக் கார சட்னி.

தேங்காய் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். துருவியதை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்றாம் நாள் ஒரு நாற்றம் எடுக்கும், ஓரத்தில் இளஞ்சிவப்பு தட்டும். இரண்டு தேங்காயைத் துருவி, உள்ளங்கை அளவு பாக்கெட்டுகளில் விரல் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். உருண்டையாகத் திணித்தால் உறைந்த பிறகு உடைக்க உளி வேண்டும். தட்டையாக இருந்தால் அப்பளம் போல ஒடித்து எடுக்கலாம். வெளியே வைத்து உருக விடாமல் நேரே மிக்ஸிக்கோ கொதிக்கும் குழம்புக்கோ போடலாம்.

துவரம் பருப்பு 300 கிராமைக் குக்கரில் மஞ்சள், ஒரு சொட்டு நல்லெண்ணெயோடு குழைய வேகவைத்து மூன்று டப்பாவாகப் பிரியுங்கள். ஒன்று ஃபிரிட்ஜில், இரண்டு ஃப்ரீசரில். ஆறவைக்கும்போது ஆழமான பாத்திரத்தில் விடாமல் அகலமான தட்டில் பரப்ப வேண்டும். குக்கரோடு ஆறவிட்டால் நடுவில் உள்ள பருப்பு இரண்டு மூன்று மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமி பெருகுவது அந்த வெதுவெதுப்பில்தான். சமைத்த எதுவும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், அக்கினி நட்சத்திர நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள்.

அரிசி ரவையை மாதம் ஒரு தடவை செய்தால் போதும். ஒரு கிலோ பச்சரிசியைக் கழுவி நிழலில் துணியில் உலர்த்தி, நூறு கிராம் துவரம் பருப்பு, இரண்டு மேஜைக்கரண்டி மிளகு, ஒரு மேஜைக்கரண்டி சீரகம் சேர்த்து மில்லில் ரவையாக உடைத்துக்கொள்ளுங்கள். மில்லில் "மாவு வேண்டாம், நொய் பதம்" என்று சொல்லி நின்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். தாளித்த தண்ணீரில் இரண்டு கை தேங்காயும் விழுந்து கொதித்ததும் ரவையைத் தூவி, தீயைக் குறைத்து மூடிவிட்டால் பதினைந்து நிமிஷத்தில் அரிசி உப்புமா. வெண்கல உருளியில் செய்தால் அடியில் பிடிக்கும் காந்தலுக்குப் பிள்ளைகள் சண்டை போடும். அரிசி சரியாக உலராமல் அரைத்தால் பத்து நாளில் வண்டு வரும்.

காய்களில் எதை நறுக்கி வைக்கலாம் என்பதில் பேராசை கூடாது. பீன்ஸ், அவரை, கொத்தவரை, கேரட், கோஸ், புடலை ஆகியவை ஈரமில்லாமல் நறுக்கி, டப்பாவின் அடியில் காய்ந்த துணி போட்டு வைத்தால் மூன்று நான்கு நாள் நிற்கும். வெண்டையைக் கழுவித் துடைத்து முழுதாகவே வையுங்கள். கத்திரியும் வாழைக்காயும் அன்றன்றைக்குத்தான், நறுக்கி வைத்தால் கறுத்துவிடும். வாழைத்தண்டு மோர் கலந்த தண்ணீரில் ஒரு நாள் தாங்கும். வாழைப்பூ ஞாயிற்றுக்கிழமை ஆய்ந்து திங்கட்கிழமை சமைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பூவிலும் கள்ளன் என்னும் நடு நரம்பையும் கண்ணாடி போன்ற செதிலையும் பிடுங்குவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும், அதை வாரநாளில் திட்டமிடவே கூடாது. முருங்கைக் கீரைக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: கொத்தோடு துணியில் இறுகச் சுற்றி ராத்திரி வைத்தால் காலையில் உதறியதும் இலைகள் தாமே உதிர்ந்துவிடும்.

மீன் வாங்கும் வீடுகளுக்கு: நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களில் வரும் மீன் குறைவு, விலையும் ஏறும், முட்டையும் கருவாடும்தான் கணக்கு. மற்ற நாட்களில் ஞாயிறு வாங்கிய மீனைக் கழுவி, மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் தடவி, ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட்டாக ஃப்ரீசரில் போடுங்கள். வெறும் ஃபிரிட்ஜில் ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். சமைக்கிற நாள் காலையில் ஃப்ரீசரிலிருந்து கீழ்த் தட்டுக்கு இறக்கிவிட்டால் சாயங்காலம் பதமாக இருக்கும். மீன் குழம்பு மறுநாள் ருசிக்கும் என்பது உண்மைதான், மூன்றாம் நாளைக்கு அந்த நியாயத்தை நீட்டாதீர்கள்.

இனி வாரநாள் எப்படிப் போகும் என்பதற்குத் திங்கட்கிழமையை மட்டும் பார்க்கலாம், இட்லியும் கும்பகோணம் கடப்பாவும். ஏழேகாலுக்கு நூறு கிராம் பாசிப்பருப்பும் இரண்டு உருளைக்கிழங்கும் குக்கரில் ஏறுகின்றன. மூன்று விசில். பக்கத்து அடுப்பில் இட்லிப் பானை. அவை வேகும் நேரத்தில் மிக்ஸியில் ஒரு பாக்கெட் தேங்காய், ஒரு மேஜைக்கரண்டி பொட்டுக்கடலை, ஒரு தேக்கரண்டி கசகசா, அரைத் தேக்கரண்டி சோம்பு, ஐந்து பச்சை மிளகாய், நாலு பல் பூண்டு. ஏழே முக்காலுக்குப் பட்டை, பிரிஞ்சி இலை, வெங்காயம் தாளித்து, மசித்த பருப்பையும் கிழங்கையும் அரைத்ததையும் விட்டு ஐந்து நிமிஷம் கொதி. இறக்கி எலுமிச்சம்பழம் அரை மூடி பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் லேசாகக் கசப்பு தட்டும். கடப்பா ஆற ஆற இறுகும், ஆகவே தோசை மாவு பதத்துக்கும் சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள். தேங்காய் சேர்ந்த எதையும் மறுநாளுக்கு வைக்கும் எண்ணமே வேண்டாம், இதைச் சரியான அளவு செய்து அன்றே முடித்துவிட வேண்டும்.

செவ்வாய் மணத்தக்காளி வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும். வற்றல் குழம்பில் தேங்காயும் பருப்பும் இல்லாததால் மிஞ்சியது கொதிக்கவைத்து ஆற்றி வைத்தால் இன்னும் இரண்டு நாள் தாங்கும். புதன் புது மாவில் தோசை, கார சட்னி. வியாழன் அரிசி உப்புமாவும், கத்திரிக்காய் சுட்டு மசித்த கொத்சும். வெள்ளி, புளியோதரையோ பருப்பு டப்பாவை உருக்கிச் சாம்பாரோ, வீட்டு வழக்கப்படி.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை மின்சாரம் நிற்கும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். திறக்காத ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம்தான் குளிர் காக்கும். முதல் நாள் ராத்திரியே ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, காலையில் கிளம்பும்போது ஒன்றை மேல் தட்டிலும் ஒன்றைப் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்திலும் வையுங்கள். சாயங்காலம் அந்தப் பாட்டிலில் ஐஸ் மிச்சம் இல்லை என்றால் பருப்பு, மீன், கீழ்த் தட்டில் உருகிக் கிடக்கும் தேங்காய் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான். காசு போகிறதே என்று மோந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், வயிற்றைக் கெடுக்கும் கிருமி எல்லாவற்றுக்கும் நாற்றம் இருக்காது.

ஐப்பசி, கார்த்திகையில் திட்டமே மாறவேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது வீடுகளில் உதவியது பருப்புப் பொடி, அங்காயப் பொடி, வற்றல், ஊறுகாய், புளிக்காய்ச்சல், அரிசி ரவை. மழைக்காலத்தில் ஃப்ரீசர் சரக்கை ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காமல், இந்த உலர்ந்த சரக்கைப் பதினைந்து நாளுக்கு வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். பருப்புப் பொடிக்கு இரண்டு பங்கு துவரம் பருப்பு, ஒரு பங்கு கடலைப்பருப்பு, டம்ளருக்கு எட்டு மிளகாய், உப்பு, பெருங்காயம். முழுக்க ஆறிய பிறகு அரைக்க வேண்டும், சூட்டோடு அரைத்தால் ஆவி படிந்து கட்டி தட்டும். பாட்டிலையும் அடுப்புத் திட்டில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள்.

ராத்திரி மிஞ்சும் சோற்றைத் தாளித்துச் சாப்பிடும் எண்ணம் இருந்தால் உடனே பரப்பி ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். இரவு முழுக்க அடுப்பு மேடையில் வெறுமனே இருந்த சோற்றை எலுமிச்சம்பழம் பிழிந்து மறைக்காதீர்கள். அதில் பெருகும் கிருமி விடும் நஞ்சு சூட்டுக்குப் போகாது. பழையதுக்கு என்றால் சோறு ஆறியதும், படுக்கப் போவதற்கு முன்னாலேயே நல்ல தண்ணீர் முழுக ஊற்றி மூடிவிட வேண்டும். காலையில் இளம் புளிப்பு வாசம் வந்தால் மோரும் சின்ன வெங்காயமும் போதும். கொழகொழப்போ வேறு வாடையோ தெரிந்தால் மாட்டுக்குக்கூட வைக்காமல் கொட்டிவிடுங்கள்.